செவலைக்கு நாலு கால்

கந்தப்பனுக்கும் கரண்டுக்கும் ஆகாது. மேக்கணக்கில் இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பூனாகலைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிற மேல் டிவிஷனைத்தான் மேக்கணக்கு என்கிறார்கள். அங்கே வரிசையாக ஒட்டிக் கட்டிய லயங்களில் கடைசி லயத்தின் கோடிக் காம்பரா கந்தப்பனுடையது. அறை என்று ஒரு காம்பரா, திண்ணை என்று ஒரு இஸ்தோப்பு, பின்னால் சமைக்கத் தகரம் போட்டு இழுத்த குசினி, அதற்கும் கீழே மாட்டுப்பட்டி. அந்த வீட்டில் சுவிட்ச் போடுவதும் அணைப்பதும் பெண்களின் வேலை. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு மனிதர் வீட்டுக்கு வருகிற நேரம் மனைவியும் மகளும் இல்லையென்றால் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பார். யாராவது எட்டிப் பார்த்துக் கேட்டால், "கண்ணுக்குக் குளுமையா இருக்குல்ல" என்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருடைய ஒரே மகள் நிரஞ்சலா கரண்டு எஞ்சினியருக்குப் படிக்கப் போகிறேன் என்று கிளம்பினால் அந்த வீடு என்னத்துக்கு ஆகும்?

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பேராதனை யுனிவர்சிட்டியில் எஞ்சினியரிங் கிடைத்திருக்கிறது என்று மகள் போனில் சொன்னபோது, தாய் ஜீவராணி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த செடி நிரையில் நின்ற ரெங்கம்மாவுக்கு ஒரு கூச்சல்தான் கேட்டது. அட்டை ஏறக்கூடாத இடத்தில் ஏறிவிட்டது என்று நினைத்து, இடுப்பில் கட்டியிருந்த உப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டே செடிகளுக்குள் விழுந்தடித்து ஓடிவந்தாள்.

"எங்க புள்ள? எங்க கடிச்சிருக்கு? காட்டு!"

"கடிக்கல மதினி. கெடச்சிருச்சு! எம் புள்ளைக்குப் பேராதனை கெடச்சிருச்சு!"

ரெங்கம்மா உப்பை அப்படியே கீழே போட்டாள். பிறகு மலை முழுக்கக் கேட்கிற மாதிரி அவளும் ஒரு சத்தம் போட்டாள். பெண்கள் கூடைகளோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். பால் போடாத சாயத்தண்ணிக்குக் கடித்துக்கொள்ள என்று மடித்து வைத்திருந்த சீனியை ஆளுக்கொரு கிள்ளாக ஜீவராணியின் வாயில் திணித்தார்கள். கங்காணி சதீஸ்குமார் சின்ன வயசுப் பையன், புதிதாக வேலை ஏற்றவன். "என்னா இது, நெர நெரயா கொழுந்து நிக்குது, இங்க என்னா சந்தை?" என்று கத்திக்கொண்டு வந்தான். விஷயம் தெரிந்ததும் அவனும் வாயைத் திறந்து காட்டினான். அவனுக்கும் ஒரு கிள்ளு சீனி விழுந்தது.

அன்று பின்னேரம் கோடிக் காம்பராவில் நிற்க இடமில்லை. கந்தப்பன் பால் சேர்க்கிற இடத்துக்குப் பால் கொண்டுபோகவில்லை. இருந்த பால் முழுவதையும் பெரிய சட்டியில் ஊற்றிப் பாயாசம் காய்ச்சச் சொன்னார். வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். நாலு பேர் சேர்ந்தால் நடுவில் நிற்காத மனிதர், அன்று வாசலிலேயே நின்று, "வாங்க, உள்ள வாங்க, எம் மக பேராதனைக்குப் போவுது" என்று ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்வது போலச் சொன்னார்.

ரெங்கம்மா வெறுங்கையோடு வரவில்லை. பழைய துணியில் சுற்றி ஒரு அயர்ன் பொட்டியைக் கொண்டுவந்து நிரஞ்சலாவின் மடியில் வைத்தாள்.

"இது என்னா அத்தை?"

"சூடே ஏற மாட்டேங்குது சாமி. பண்டாரவளை டவுனுக்குக் கொண்டுபோனா தூக்கிப் போடுங்கிறான். நீதான் எஞ்சினியராச்சே, பாத்துக் குடு."

அவளுக்குப் பின்னால் ஒருத்தி ரைஸ் குக்கரோடு நின்றாள். அவளுக்கும் பின்னால் ஒரு கிழவர், பேசாத ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். நிரஞ்சலா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"அத்தை, நான் இன்னும் படிக்கவே போகல. போனாலும் மொத வருசம் எல்லாருக்கும் ஒரே பாடந்தான். அதுக்கப்புறம் மார்க் பாத்துத்தான் பிரிப்பாங்க. ரோடு, பாலம் கட்டுறவங்க ஒரு பக்கம், மெசின் பண்றவங்க ஒரு பக்கம், கரண்டு ஒரு பக்கம்."

"நீ எந்தப் பக்கம் புள்ள?"

"கரண்டுதான் அத்தை. எனக்குக் கரண்டுதான் வேணும்."

கந்தப்பன் பாயாசம் ஊற்றிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. கோப்பை நிறைந்து கிழவரின் சாரத்தில் வழிந்தது. கந்தப்பன் கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மாட்டுப்பட்டிக்கு இறங்கிப் போனார்.

ரெங்கம்மாதான் பெருமூச்சு விட்டு, "செவலை நெனப்பு வந்திருச்சு" என்றாள்.

செவலை ஒரு பசு. கந்தப்பன் கன்றிலிருந்து வளர்த்தது. நிரஞ்சலா ஆரம்பப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஆடி மாதத்துக் காற்று வீசிய ஒரு நாள். அந்தக் காற்றைப் பூனாகலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கவும் முடியாது. கந்தப்பன் மேய்ச்சலிலிருந்து செவலையை ஓட்டிக்கொண்டு வந்தார். டர்பன்டைன் மரத்தின் கிளை ஒன்று முறிந்து, பெக்டரிக்குப் போகிற பெரிய கரண்டுக் கம்பியின் மேல் விழுந்தது. கம்பி அறுந்து பாதைக்குக் குறுக்கே ஈரத்தில் கிடந்தது. முன்னால் போன செவலை அந்த இடத்திலேயே விழுந்து செத்தது. கயிற்றைக் கையில் பிடித்திருந்த கந்தப்பனுக்கு ஒரு கீறல் கூட இல்லை. அவர் கயிற்றை விட்டுவிட்டு மரம் போல நின்றார். கீழே இருந்து ஆட்கள் ஓடிவந்து, கரண்டை நிறுத்தியாயிற்று என்று கத்துகிற வரை நின்றார்.

தனக்கு வந்த சாவைச் செவலை வாங்கிக்கொண்டது என்பது கந்தப்பனின் நம்பிக்கை. அந்த இடத்தில் ஒரு கல் நட்டு, ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் பொட்டு வைத்து, பால் ஊற்றிக் கும்பிடுவார். அதை யாரும் கேலி செய்வதில்லை. ஆனால் அவர் நின்ற நிலையைக் கேலி செய்யாதவர்கள் லயத்தில் இல்லை. "மாடு துடிக்குது, இந்த மனுசன் ஓடிப் போயி ஒரு குச்சிய எடுத்துத் தட்டி விடாம செல மாதிரி நின்னாரு" என்று ஜீவராணியே சண்டை வருகிற நாட்களில் சொல்லிக் காட்டுவாள். கந்தப்பன் அதற்கு மட்டும் பதில் பேச மாட்டார். தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போய்விடுவார். அவருக்கே அது உள்ளே கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. நான் பயந்தாங்கொள்ளி, வளர்த்த மாட்டை விட்டுவிட்டு நின்றவன் என்பது அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பெயர்.

மறுநாள் காலையில் அவர் பால் கறந்துகொண்டிருந்தபோது நிரஞ்சலா பட்டிக்குப் போனாள். கன்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, கோவமா?"

"கோவம் என்னா. நீ படிச்ச புள்ள."

"அப்ப ஏன் நேத்தெல்லாம் பேசல?"

கந்தப்பன் மடியைக் கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்றினார். "ஏன் சாமி, ரோடு போடுற எஞ்சினியருக்குப் படிக்கக் கூடாதா? நம்ம மேக்கணக்கு ரோட்டப் பாரு, ஒரு மழைக்கு ஆட்டோ ஏற மாட்டேங்குது. பாலம் கட்டலாம். வீடு கட்டலாம். இந்த லயத்த ஒடச்சிட்டு ஆளுக்கொரு வீடு கட்டிக் குடு, உன்னய கோயில்ல வச்சிக் கும்புடுவாங்க. எத்தனையோ இருக்கு. போயும் போயும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சனியன்தானா?"

"கண்ணுக்குத் தெரியாததுனாலதான் அப்பா எனக்கு அது மேல ஆச. கணக்குப் போட்டா அது எங்க போகும், எவ்வளவு போகும்னு முன்கூட்டியே சொல்லலாம். பாக்காமலே சொல்லலாம்."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு என்னா?"

"சொல்லிட்டு அதத் தொடணும்ல. எம் புள்ள தொடணும்ல."

அவர் குரல் உடைந்துவிட்டது. மாடு திரும்பிப் பார்த்தது. நிரஞ்சலா கன்றை மடிக்கு விட்டாள்.

வீட்டில் சாப்பாடு நடந்தது, பேச்சு நடக்கவில்லை. ரொட்டியும் சம்பலும் தட்டில் வரும், கந்தப்பன் தின்பார், கை கழுவுவார், போய்விடுவார். ஜீவராணி பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். இடம் கிடைத்ததை ஏற்றுக்கொள்கிறேன் என்று பண்டாரவளையில் ஒரு கடையில் போய்க் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். அதற்கான நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நிரஞ்சலா தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவரு கெடக்காரு, நீ போயிப் பதிஞ்சிட்டு வா" என்றாள் ஜீவராணி.

"அப்பா வாயால சந்தோசமா போயிட்டு வான்னு சொல்லாம நான் போக மாட்டேம்மா."

"அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே மண்ட. ஆப்பு வச்சாலும் பொளக்காது."

சனிக்கிழமை நிரஞ்சலா பண்டாரவளைக்குப் பஸ் ஏறினாள். அவளுக்குப் பௌதிகவியல் படிப்பித்த ஜெயரட்ணம் சாரின் வீடு அங்கேதான். யாழ்ப்பாணத்துக்காரர். இந்தக் குளிருக்கு வந்து அரை ஆயுள் ஆகியும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "இது மனிசர் இருக்கிற இடமே" என்று கேட்டபடி இங்கேயே இருக்கிறவர். மாணவி வந்ததும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

"இஞ்ச பார் பிள்ளை. முதல் வருசம் எல்லாருக்கும் பொதுதான். அதிலை நீ நித்திரை கொண்டியோ, கரண்டு உனக்குக் கிடையாது. எலக்ட்ரிக்கலுக்கு நிக்கிற சனம் கூட. கணக்கிலை ஒரு சொட்டும் விடக்கூடாது. இங்கிலிஸை இப்பவே தொடங்கு, அங்கை போய் விளங்கேல்லை எண்டு அழுது பிரயோசனம் இல்லை. விளங்கிச்சோ?"

"விளங்குது சார். ஆனா..."

அவள் வீட்டுக் கதையைச் சொன்னாள். சார் கேட்டுக்கொண்டே தாளின் ஓரத்தில் வட்டம் வட்டமாகக் கீறினார்.

"இதுக்குப் போயே முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறாய்? சுகமான வேலை. முதல் வருசம் பொதுதானே? தகப்பனிட்டை ரோட்டுப் படிப்பு எண்டு சொல்லு. ஒரு வருசம் போகட்டும். பிறகு ஆர் கேக்கப் போகினம்?"

சாரின் மனைவி லீலாதேவி தேத்தண்ணியோடு வந்தவள் வாசலிலேயே நின்றாள். "நல்ல வாத்தியார்! தகப்பனுக்குப் பொய் சொல்லுறதெப்பிடி எண்டு பாடம் நடத்துறியளோ?"

"பொய் இல்லையப்பா, இது ஒரு... ஒத்திவைப்பு."

"நீங்கள் என்னட்டை ஒத்திவைச்சது எத்தினை எண்டு சொல்லட்டோ இந்தப் பிள்ளைக்கு?"

சார் அவசரமாகத் தேத்தண்ணியை வாங்கி ஊதத் தொடங்கினார்.

பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த யோசனை நிரஞ்சலாவைச் சுற்றிச் சுற்றி வந்தது. சுகமான வழிதான். இரண்டே வார்த்தை சொன்னால் அப்பா முகம் மலர்ந்துவிடும். மறுபடியும் வாசலில் நின்று, எம் மக ரோடு போடப் போவுது என்று ஊரைக் கூப்பிட்டுச் சொல்வார். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு ஒரு வருசம் எப்படி இருப்பது?

வீட்டு வாசலில் கந்தப்பன் காத்திருந்தார். "சார் என்னா சொன்னாரு?"

"உங்ககிட்ட ரோட்டுப் படிப்புன்னு சொல்லச் சொன்னாரு. ஒரு வருசத்துக்குத் தெரியாதாம்."

கந்தப்பன் அவளை உற்றுப் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. "படிச்ச மனுசன் புத்தியப் பாரு."

"நான் சொல்ல மாட்டேம்பா. எனக்குக் கரண்டுதான் வேணும். உங்ககிட்ட மறைச்சிப் படிக்கவும் முடியாது."

"நீ போ சாமி. வேணான்னு மறிக்க நான் யாரு? ஆனா சந்தோசமா போயிட்டு வான்னு எனக்கு வாயி வராது. சொன்னா அதுதான் பொய்யி."

உள்ளது உள்ளபடி இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள். சொன்ன பிறகு இரண்டு பேருக்குமே கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. நிரஞ்சலா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, செவலை செத்த அன்னிக்கு என்னா நடந்துச்சு?"

"உனக்குத் தெரியாததா? ஊரே சொல்லும்."

"ஊரு சொல்றது வேணாம். நீங்க சொல்லுங்க. கம்பி எங்க விழுந்துச்சு, செவலை எப்பிடி நின்னுச்சு, நீங்க எப்பிடி நின்னீங்க?"

கந்தப்பன் திகைத்துப் போனார். எத்தனையோ பேர் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள், உச்சுக் கொட்டியிருக்கிறார்கள். எப்படி நின்றாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. "இங்கேருந்து சொன்னா வெளங்காது. நாளைக்கு வா, காட்டுறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. நமுனுகுல மலை மூடாக்கு இல்லாமல் நின்றது. அப்பாவும் மகளும் மேலே ஏறினார்கள். சும்மா இருக்க முடியாத ஜீவராணி பின்னாலேயே வந்தாள். ஜீவராணி போகிறாளே என்று ரெங்கம்மாவும் வந்தாள். பாதை ஓரத்தில் கல் இருந்தது. பழைய குங்குமம் மழையில் கரைந்து லேசாகத் தெரிந்தது.

"இந்தா, இங்கதான் கம்பி விழுந்து கெடந்துச்சு" என்றார் கந்தப்பன்.

நிரஞ்சலா ஒரு கவ்வாத்துக் குச்சியை எடுத்து அந்த இடத்தில் குத்தி நட்டாள். "செவலை?"

"கம்பியப் பாத்த மாதிரி. மொகம் அங்க, வாலு இங்க."

"நீங்க?"

"அதுக்குப் பின்னால." அவர் நடந்து போய் நின்றார். நின்றதும் அவர் முகம் மாறிவிட்டது. தோள் இரண்டும் ஒடுங்கின. "இந்தா இப்பிடி. சத்தம் கேட்டுச்சு. பொறி பறந்துச்சு. செவலை அப்பிடியே மடிஞ்சிச்சு. உள்ளங்கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. ஓடணும்னு மனசு சொல்லுது, காலு வரல."

"காலு எப்பிடி இருந்துச்சு அப்பா? அகட்டியா?"

"பயத்துல எங்க அகட்டுறது? பேர் கூப்புடுற பெரட்டுல நிக்கிற மாதிரி, ரெண்டும் ஒட்டிக்கிட்டு." கந்தப்பன் செருப்போடு செருப்பு உரச நின்று காட்டினார்.

நிரஞ்சலா அந்தக் கால்களைப் பார்த்தாள். பிறகு செவலை நின்ற இடத்தைப் பார்த்தாள். பேசாமல் குச்சி நட்ட இடத்துக்குப் போய், வேறொரு குச்சியால் அதைச் சுற்றி மண்ணில் ஒரு வட்டம் கீறினாள். அதற்கு வெளியே இன்னொரு வட்டம், அதற்கும் வெளியே இன்னொன்று. கடைசி வட்டம் கந்தப்பனின் செருப்புகளுக்கு அடியில் வந்து முடிந்தது. அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னா புள்ள?" என்றாள் ஜீவராணி பயந்துபோய்.

"அம்மா, செவலைக்கு நாலு காலு!"

"மாட்டுக்கு நாலு காலுதான். இதுக்கா பேராதனைக்குப் போற?" என்றாள் ரெங்கம்மா.

"இல்ல அத்தை, கேளுங்க. கம்பி விழுந்த எடத்துல கரண்டு தரைக்குள்ள எறங்கி, சுத்தியும் இந்த மாதிரிப் பரவும். கம்பிக்குக் கிட்ட கரண்டோட அமுக்கம் கூட இருக்கும், தள்ளிப் போகப் போகக் கொறையும். ஒரு காலு இந்த வட்டத்துல, இன்னொரு காலு அந்த வட்டத்துல இருந்தா, கூடின பக்கத்துலருந்து கொறஞ்ச பக்கத்துக்குப் போறதுக்கு நம்ம ஒடம்பு பாதையாயிரும். செவலைக்கு முன்னங்காலு அந்தா அங்க, பின்னங்காலு இங்க. நெஞ்சு நடுவுல. அதான் அது அந்த எடத்துலயே போயிருச்சு. அப்பாவுக்கு ரெண்டு காலும் ஒண்ணா ஒரே வட்டத்துல இருந்துச்சு. உள்ளங்கால்ல குறுகுறுத்துச்சு, அதோட சரி."

கந்தப்பன் தன் கால்களையே குனிந்து பார்த்தார். "அப்ப... நான் ஓடியிருந்தா?"

"ஓடியிருந்தா ஒரு எட்டு அங்க, ஒரு எட்டு இங்க. குச்சிய எடுத்துக்கிட்டு கம்பிகிட்ட போயிருந்தீங்கன்னா பேச்சே இல்ல. நீங்களும் செவலை பக்கத்துலதான் விழுந்திருப்பீங்க." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்க பயந்து காலச் சேத்து வச்சி நின்னீங்க பாருங்க, அதுதான் உங்கள எங்களுக்குக் குடுத்துச்சு."

ரெங்கம்மா வாயைப் பிளந்தாள். "அப்ப அண்ணே பயந்ததுதான் சரியா?"

"அதுதான் சரி அத்தை. படிச்சவங்களும் அப்பிடித்தான் நிக்கணும்."

கந்தப்பன் பாதையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஜீவராணி கிட்டப் போனாள். அழுதார்தான், ஆனால் அதற்குள்ளேயே சிரிப்பும் கிடந்தது. "இத்தன வருசமா... இத்தன வருசமா நான் நெனச்சேன்..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஜீவராணி அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். "நானும் எத்தன தடவ வாயில வந்தபடி பேசியிருக்கேன். ஓடலன்னு சொல்லிக் காட்டியிருக்கேனே பாவி. ஓடியிருந்தா நான் யாரோட சண்ட போட்டிருப்பேன்?" என்று அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும், "என்னங்க, மூக்கத் தொடைங்க, புள்ள பாக்குது" என்றாள்.

கொஞ்சம் அமைதியான பிறகு கந்தப்பன் கல்லைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அப்ப செவலை எனக்காகச் சாகலையா சாமி?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பாடத்திலும் விடை இல்லை. நிரஞ்சலா கையிலிருந்த குச்சியால் உள் வட்டத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"செவலை முன்னால போச்சு அப்பா. அது முன்னால போகலன்னா, உள் வட்டத்துல நீங்கதான் நின்னிருப்பீங்க. காலச் சேத்து வச்சிருந்தாலும் அங்க என்னா ஆயிருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல."

கந்தப்பனுக்கு அது போதுமாக இருந்தது. எழுந்து போய்க் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரும்பியபோது அவர் முகத்தில் வேறு ஒரு யோசனை ஓடியது.

"அப்ப கம்பி விழுந்து கெடந்தா, எப்பிடித்தான் வெளிய வர்றது? நின்ன எடத்துலயே நிக்க முடியுமா?"

"ரெண்டு காலையும் ஒட்டி வச்சி, எட்டு வைக்காம, குருவி மாதிரி சின்னச் சின்னதாக் குதிச்சிக் குதிச்சி வரணும். விழுந்துறக் கூடாது, கையக் கீழ ஊணக் கூடாது. நல்லாத் தள்ளி வந்துறணும்."

"இது லயத்துல யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுப்பா."

"வருசா வருசம் காத்து வருது. இந்தக் கம்பிக்கு அடியிலதான் இத்தன பேரும் கொழுந்து எடுக்குறாங்க." கந்தப்பன் மேலே போகிற கம்பியை அண்ணாந்து பார்த்தார். அவர் அதை நேராகப் பார்த்து ஜீவராணி கண்டதே இல்லை. "ஒருத்தருக்கும் தெரியாதுங்கிற" என்றார் மறுபடியும்.

இறங்கி லயத்துக்கு வந்ததும் மனிதர் வீட்டுக்குள் போகவில்லை. முதல் காம்பராவிலிருந்து ஆரம்பித்தார். "நான் ஓடாம நின்னேன்ல, அது ஏன் தெரியுமா?" என்று ஒவ்வொரு வாசலாக நின்று விளக்கினார். ஜீவராணி ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப் போய் ஏடு கட்டியது.

திங்கட்கிழமை காலை. பெரட்டுக் களத்தில் பனி இன்னும் கலையவில்லை. பதிவதற்குப் பண்டாரவளைக்குப் போக நிரஞ்சலா நல்ல சட்டை போட்டு, குடையும் கையுமாகப் பஸ் வருகிற ரோட்டுக்கு இறங்கினாள். அவள் புறப்படும்போது அப்பா வீட்டில் இல்லை. வேலைக்கு முன்னதாகவே போய்விட்டார் என்றாள் அம்மா. அந்த வார்த்தையைக் கேட்காமலே போக வேண்டியதுதான், இனி நாளில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டு நடந்தாள்.

களத்துப் பக்கம் ஒரே சிரிப்புச் சத்தமாக இருந்தது. வளைவில் திரும்பியதும் நின்றுவிட்டாள்.

முதுகில் கூடை தொங்க, இடுப்பில் ஈரத்துக்குப் படங்குச் சாக்கு கட்டிய பெண்கள் முழுப் பேரும் களத்தில் வட்டம் வட்டமாக நின்றார்கள். கந்தப்பன் நடுவில் நின்றார்.

"காலச் சேரு! ஒட்டு, நல்லா ஒட்டு! ரெங்கம்மா, அது என்னா காலு, கவட்ட மாதிரி? நீ செவலையோட போயிட்ட, தள்ளி நில்லு. மத்தவங்க குதிங்க! சின்னதா, சின்னதா!"

பெண்கள் குதித்தார்கள். கூடைகளும் சேர்ந்து குதித்தன. ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, சிரிப்பை அடக்க முடியாமல், ஈர மண்ணில் தத்தித் தத்திக் களத்தின் ஓரம் வரை போனார்கள். "அண்ணே, நான் செத்துட்டேன், என்னய இன்னொரு தரம் விடுங்க" என்று ரெங்கம்மா கெஞ்சினாள்.

பேர் பதிகிற செக்ரோலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்த கங்காணி சதீஸ்குமார் அசந்துபோய் நின்றான். "என்னாண்ணே இது? பேர் கூப்பிடணும், நேரமாச்சு. காலங்காத்தால என்னா கூத்து?"

"கூத்தில்ல தம்பி, படிப்பு. கம்பி விழுந்தா எப்பிடிப் பொழைக்கிறதுன்னு. எம் மக படிக்கப் போறாளே, கரண்டுப் படிப்பு, அது. போறதுக்கு முன்னாலயே இவ்வளவு தெரியுது, போயிட்டு வந்தா என்னா தெரியும்னு பாத்துக்க. நீயும் காலச் சேரு."

சதீஸ்குமார் சுற்றுமுற்றும் பார்த்தான். தோட்டத்துத் துரை வருகிற வழியில் யாரும் இல்லை. காலைச் சேர்த்துக்கொண்டான்.

பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வளைவில் வந்தது. நிரஞ்சலா கை காட்டி நிறுத்தி ஏறினாள். கந்தப்பன் அப்போதுதான் அவளைப் பார்த்தார். களத்தின் நடுவிலிருந்து ரோட்டுப் பக்கம் வந்தார். வந்தார் என்றால் நடந்து வரவில்லை, பாடம் பாதியில் இருந்தது. தத்தித் தத்தி வேலி வரைக்கும் வந்து, இரண்டு கையையும் தூக்கி, பஸ்ஸில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார்.

"சந்தோசமா போயிட்டு வா சாமி!"

கத்தும்போதும் அவர் கால் இரண்டும் ஒட்டியே இருந்தன.